கவனிப்பாரற்றுக் கிடக்கும் பசுமை வெளியை மீட்டெடுத்தல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், மன அழுத்தம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் ஏறத்தாழ அனைவருக்கும் மருத்துவர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, நாள்தோறும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பது. கடலூரிலும் சிதம்பரத்திலும் புறநோயாளிகள் பிரிவில் இவ்வறிவுரைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "எங்கே நடப்பது?" என்னும் கேள்வியே. சாலையோரத்தில் வாகன நெரிசல்; தெருவில் நாய்கள்; வடிகால் மேல் போடப்பட்ட கற்பலகைகள் உடைந்து கிடக்கின்றன. இத்தனைக்கும் அதே தெருவின் முனையில், பூங்கா என்று பெயர்ப்பலகை மட்டும் எஞ்சிய ஒரு நிலம் முட்செடியும் குப்பையுமாகப் பூட்டிக் கிடப்பதுண்டு.

அத்தகைய நிலத்தை அப்பகுதி மக்களே திட்டமிட்டு மீட்டெடுக்க முடியும். அத்திட்டத்தில் நோயாளிகளுக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் என்ன பங்கு உண்டு, எவற்றில் கவனம் தேவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

பசுமை வெளி உடல்நலத்திற்கு எவ்வாறு உதவுகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். நாள்பட்ட நோய் உள்ளோருக்கும் இது பொருந்தும். 65 வயதைக் கடந்தோர், தடுமாறி விழுவதைத் தவிர்ப்பதற்காக, வாரத்தில் மூன்று நாட்களேனும் உடல் சமநிலைக்கான பயிற்சிகளையும் செய்ய வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. நன்றாக நடக்கக் கூடியவர்களுக்கு இது சிறந்த வாய்ப்பு. ஆனால் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவரும், மூட்டு தேய்ந்த முதியவரும் ஒரே மூச்சில் நடக்கக்கூடிய தொலைவு நூறு அல்லது இருநூறு மீட்டராக இருக்கலாம். அவர்களுக்குத் தேவைப்படுவது வீட்டிலிருந்து சென்றடையக்கூடிய தொலைவில் நிழலும் இருக்கையும் உள்ள ஒரு சிறிய இடம். தெருமுனைப் பூங்காவின் மருத்துவ மதிப்பு இதில்தான் உள்ளது.

மனநலத்திற்கும் பசுமைக்கும் உள்ள தொடர்பு பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. 1984ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரை மட்டும் காணும் அறையில் இருந்தவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வு. எனினும், பின்னர் நடந்த பல ஆய்வுகளுக்கு இதுவே தூண்டுகோலாக அமைந்தது.

பசுமை வெளி மருந்துக்கு மாற்று ஆகாது. பூங்காவில் நடக்கத் தொடங்கிவிட்டதால் இரத்த அழுத்த மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

குப்பையை அகற்றினால் மட்டும் போதுமா?

போதாது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கைவிடப்பட்ட 541 காலி மனைகளை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தனர். முதல் வகையில் குப்பை அகற்றப்பட்டு, நிலம் சமன் செய்யப்பட்டு, புல்லும் சில மரங்களும் நடப்பட்டன. யாரும் உள்ளே வரலாம் என்று உணர்த்தும் வகையில் திறப்புகள் கொண்ட தாழ்வான மரவேலி போடப்பட்டது. தொடர்ந்து பராமரிக்கவும் பட்டது. இரண்டாம் வகையில் குப்பை மட்டும் அகற்றப்பட்டது. மூன்றாம் வகை அப்படியே விடப்பட்டது.

2018ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, பசுமையாக்கப்பட்ட மனைகளுக்கு அருகில் வசித்தோரிடையே, மனச்சோர்வாக உணர்வதாகக் கூறுவது, எதுவும் செய்யப்படாத மனைகளுக்கு அருகில் வசித்தோருடன் ஒப்பிடுகையில் 41.5 விழுக்காடு குறைந்திருந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் இக்குறைவு 68.7 விழுக்காடாக இருந்தது. குப்பை மட்டும் அகற்றப்பட்ட மனைகளைச் சுற்றி வசித்தோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

ஒருநாள் தூய்மைப் பணியோடு முடித்துக்கொள்ளும் முயற்சிகள் ஏன் பலன் தருவதில்லை என்பதை இது காட்டுகிறது. துப்புரவுக்குப் பிறகு நடவு, நுழைவதற்கான வழி, தொடர் பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர வேண்டும்.

மக்கள் முன்னின்று மீட்ட இரண்டு இடங்கள்

சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றின் கரையை ஒட்டிய அரசு நிலம் ஒன்று குப்பை கொட்டும் இடமாக இருந்தது. 2006ஆம் ஆண்டு முதல் 'நிழல்' என்னும் மரப் பாதுகாப்பு அமைப்பு, பொதுப்பணித் துறையின் இசைவுடனும் அப்பகுதி மக்களின் உழைப்புடனும் அங்கே நம் மண்ணுக்குரிய மரங்களை நடத் தொடங்கியது. இன்று அது கோட்டூர்புரம் மரப் பூங்கா. நிலம் அரசின் உடைமையாகவே இருந்தது. உழைப்பும் கண்காணிப்பும் மக்களுடையவையாக இருந்தன.

பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் உள்ள 48 ஏக்கர் கைகொண்டரஹள்ளி ஏரி மற்றொரு சான்று. கழிவும் கட்டட இடிபாடுகளும் சேர்ந்து வறண்டு கிடந்த அந்த ஏரியை மீட்கும் திட்டத்தை, பெங்களூரு மாநகராட்சியுடன் அமர்ந்து குடியிருப்போரே வகுத்தனர். காலையில் நடப்போர் மட்டுமன்றி, கால்நடைகளுக்குப் புல் அறுப்போர், ஏரியை ஒட்டிய அரசுப் பள்ளியின் மாணவர்கள், விநாயகர் சிலை கரைப்போர் ஆகியோரின் தேவைகளும் கருத்தில் கொள்ளப்பட்டன. பொதுச் சொத்துகளை மக்களே நிர்வகிப்பது குறித்த ஆய்வுக்காக 2009ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், 2012ஆம் ஆண்டு இந்த ஏரியை நேரில் வந்து பார்வையிட்டார்.

இவ்விரண்டிலும் நமக்குரிய பாடம் ஒன்றே. ஓர் இடத்தை ஏற்கெனவே பயன்படுத்தி வருவோரையும், பயன்படுத்த விரும்பியும் இயலாதோரையும் முதலில் கேட்க வேண்டும். வரைபடத்தை அதன்பின் வரையலாம்.

உங்கள் பகுதியில் அந்த நிலம் யாருடையது?

முதலில் அறிய வேண்டியது இது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு அமைப்போர், அதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 'நகர்' என முடியும் பெயருள்ள பல குடியிருப்புகளில், யாருக்கும் உரிமையில்லாதது போல் புதர் மண்டிக் கிடக்கும் நிலம் இவ்வாறு பூங்காவிற்கென ஒதுக்கப்பட்டதாக இருக்கலாம். வேறு சில நிலங்கள் நீர்வளத் துறை, வருவாய்த் துறை அல்லது திருக்கோயில் ஒன்றைச் சார்ந்தவையாக இருக்கலாம்.

நில அளவை எண்ணைக் குறித்துக்கொண்டு, கடலூர் எனில் மாநகராட்சி அலுவலகத்திலும், சிதம்பரம் எனில் நகராட்சி அலுவலகத்திலும் விவரம் கேளுங்கள். பின்னர் உங்கள் வார்டு உறுப்பினர் வழியாகப் பகுதி சபைக் கூட்டத்தில் இக்கோரிக்கையை வையுங்கள். மக்கள் ஒரு பங்கும் அரசு மீதிப் பங்கும் ஏற்கும் 'நமக்கு நாமே' திட்டம் பற்றியும் அங்கே விசாரிக்கலாம். உரிய துறையின் எழுத்துப்பூர்வ இசைவு பெறாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். நீர்நிலையை ஒட்டிய இடமெனில், மழைநீர் வழிந்தோடும் பாதையில் எந்தக் கட்டுமானமும் கூடாது.

வடிவமைப்பில் உங்கள் குரல்

இத்தகைய கூட்டங்களுக்கு நோயாளிகளும், அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வோரும் வருவது அரிது. நோயாளியால் வர இயலாது. அவரைத் தனியே விட்டுவிட்டுப் பராமரிப்பாளராலும் வர இயலாது. அதனால் அவர்களுக்குத் தேவையானவை வரைபடத்தில் இடம்பெறுவதே இல்லை. பூங்கா திறந்த பிறகுதான், சக்கர நாற்காலி நுழைய முடியாத வாயிற்கதவு கண்ணில் படுகிறது. உடைத்துக் கட்டுவதைவிட முன்கூட்டியே சொல்வது எளிது.

கூட்டத்தை உங்கள் தெருவிலேயே, உங்களுக்கு ஏற்ற நேரத்தில் நடத்துமாறு கேளுங்கள். வர இயலாதோரின் வீட்டிற்குச் சென்று கருத்துக் கேட்க இருவரை நியமிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவரும் கருத்துச் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. நிலத்தைச் சமன் செய்தபின், உத்தேசித்துள்ள பாதையையும் இருக்கைகளையும் வாயிலையும் சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே உண்மை அளவில் வரைந்துவிட வேண்டும். ஊன்றுகோலுடன் நடப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், குழந்தையை இடுப்பில் சுமப்பவர், பார்வை குறைந்தவர் என நால்வர் அதில் நடந்து பார்க்கட்டும். எங்கே திரும்ப முடியவில்லை, எங்கே மூச்சு வாங்குகிறது என்பவை அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கோட்டை அழித்து மீண்டும் வரையலாம்.

நோயாளிகளின் தேவைகளாக நீங்கள் கேட்க வேண்டியவை:

• வாயில்: குறைந்தது 90 சென்டிமீட்டர் தடையற்ற அகலம். இருசக்கர வாகனங்களைத் தடுக்க வைக்கும் சுழல் கதவு, சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். வேறு வழி காணச் சொல்லுங்கள். பொது இடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வலியுறுத்துகிறது.

• பாதை: இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் அகலம் தேவை. மழையில் வழுக்கும் பளபளப்பான ஓடுகள் வேண்டாம். சரிவுப் பாதையில் ஓர் அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளமும், கைப்பிடியும் இருக்க வேண்டும்.

• இருக்கை: ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்று, சாய்மானமும் கைப்பிடியும் உள்ளதாக. கைப்பிடி இல்லாத தாழ்வான திண்ணையிலிருந்து மூட்டுவலி உள்ளவர் எழுவது கடினம்.

• கழிப்பறை: நீரிழிவு உள்ளோருக்கும், சிறுநீர் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோருக்கும், பெண்களுக்கும் இது இன்றியமையாதது. கழிப்பறை இல்லாத பூங்காவுக்கு அவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

• குடிநீர், நிழல், விளக்கு: கடலோர வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம் மாவட்டத்தில் இவை இல்லாமல் கோடையில் யாரும் நடக்க முடியாது.

• திறந்திருக்கும் நேரம்: பராமரிப்பாளர்களுக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் பிற்பகலில். காலையும் மாலையும் மட்டும் திறக்கும் பூங்கா அவர்களுக்குப் பயன்படாது.

கூழாங்கல் பாதையும் எட்டு வடிவ நடையும்

பல பூங்காக்களில் வெறுங்காலுடன் நடப்பதற்கெனக் கூழாங்கற்கள் பதித்த பாதை அமைக்கப்படுகிறது. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் நடக்கவே கூடாது. கல் குத்திப் புண் ஏற்பட்டாலும் வலி தெரியாது. அப்புண் ஆறாமல் பெருகி, விரலையோ பாதத்தையோ அகற்ற நேரிடும் நிலைக்கும் இட்டுச் செல்லலாம். வெயிலில் சூடேறிய கல்லும் உணர்ச்சியற்ற பாதத்தைச் சுட்டுவிடும். எட்டு வடிவ நடையை விரும்புவோர் சமதளத்தில், மருத்துவர் பரிந்துரைத்த எம்.சி.ஆர். செருப்பு அல்லது பொருத்தமான காலணி அணிந்தே நடக்கலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் அடிக்கடி திரும்ப வேண்டிய இந்நடையைத் தவிர்த்து, நேர்ப்பாதையில் நடப்பது நல்லது. இந்த எச்சரிக்கையைப் பூங்காவின் பலகையிலேயே எழுதி வைக்கக் கேளுங்கள்.

எந்த மரங்களை நடலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது சாய்ந்த மரங்களை நம் மாவட்டத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். விரைவாக வளரும், எளிதில் முறியும் மரங்களைத் தவிர்த்து, உவர்க்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கன், பனை போன்றவற்றையும், உட்பகுதிகளில் வேம்பு, மருதம், நாவல், இலுப்பை, மகிழம் போன்றவற்றையும் நடலாம். நடைபாதைக்கும் இருக்கைகளுக்கும் மேல் நீளும் பட்ட கிளைகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அகற்றச் செய்ய வேண்டும்.

மஞ்சள் அரளியையும் செவ்வரளியையும் பூங்காவில் நட வேண்டாம். மஞ்சள் அரளி விதை இதயத் துடிப்பைச் சீர்குலைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. குழந்தைகளும், மனச்சோர்வில் இருப்போரும், மறதி நோய் உள்ள முதியோரும் வந்து செல்லும் இடத்தில் அது கைக்கெட்டும் தொலைவில் இருக்கக் கூடாது.

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரத்தை ஊரின் பெருமைக்காக நட வேண்டும் என்று சிலர் விரும்பலாம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளமும், கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வை இழப்பும் ஏற்படலாம். பிச்சாவரத்தின் சதுப்பு நிலக் காட்டில் அது வளரட்டும். குழந்தைகள் கிளை ஒடிக்கும் இடத்தில் வேண்டாம். பால் கண்ணில் பட்டுவிட்டால் தூய நீரால் பல நிமிடங்கள் தொடர்ந்து கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரை அணுகவும்.

அழகுக்காகப் பல ஊர்களில் நடப்பட்ட கோனோகார்பஸ் மரத்தைக் குஜராத் மாநிலம் 2023ஆம் ஆண்டு தடை செய்தது. அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டலாம் என்பது காரணங்களுள் ஒன்று. ஆஸ்துமா உள்ளவர்கள் இதனை நினைவில் கொள்ளவும்.

தூய்மைப் பணியின்போது பாதுகாப்பு

நீண்ட நாள் கைவிடப்பட்ட நிலத்தில் இறங்குவதில் ஆபத்துகள் உண்டு. எலிகளின் சிறுநீர் கலந்த தேங்கிய நீர், காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக எலிக்காய்ச்சலை உண்டாக்கும். புதர்களில் உள்ள நுண்ணிய பூச்சிகள் கடிப்பதால் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் வரும்; கடித்த இடத்தில் தீக்காயம் போன்ற கருநிறப் பொருக்கு தோன்றலாம். பார்த்தீனியம் செடி தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் ஏற்படுத்தும்.

• முழங்கால் வரையிலான காலணி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை அணியுங்கள். திறந்த புண் உள்ளவர்களும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும் இப்பணியில் இறங்க வேண்டாம். திட்டமிடலிலும் நாற்றுப் பராமரிப்பிலும் பங்கேற்கலாம்.

• ஊசி, மருத்துவக் கழிவு ஆகியவற்றைக் கையால் எடுக்காமல், துப்புரவு அலுவலருக்குத் தகவல் கொடுங்கள். துருப்பிடித்த ஆணியோ கண்ணாடியோ கிழித்தால் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என அறியவும்.

• குப்பையையும் சருகையும் எரிக்க வேண்டாம். அப்புகை சுற்றியுள்ள ஆஸ்துமா, இதய நோயாளிகளைப் பாதிக்கும்.

• பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.

• பணி முடிந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், புதரில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். எலிக்காய்ச்சலும் ஸ்கரப் டைபஸும் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், எளிய மருந்துகளால் குணமாகக் கூடியவை.

பூங்கா அமைந்த பின்னரும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு குறித்துக் கவனம் தேவை. அதன் முட்டை, கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாட்களே போதும். ஆகவே டயர், தேங்காய் ஓடு, செடித்தொட்டித் தட்டு, இயங்காத நீரூற்று ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டிவிட வேண்டும். குப்பை கொட்டப்பட்ட மண்ணைப் பரிசோதிக்காமல், அதில் உணவுக்கான கீரையோ காய்கறியோ பயிரிட வேண்டாம்.

நீங்கள் நடக்கத் தொடங்கும்போது

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு உள்ளானவர்கள் முதலில் தம் மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்வோர் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்க வேண்டாம். சட்டைப்பையில் இனிப்பு ஏதேனும் வைத்திருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உட்கார்ந்து இனிப்பை உண்ணுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108ஐ அழைக்கவும். கோடையில் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் நடப்பது நல்லது.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல். படுக்கையில் இருப்பவரை அண்டை வீட்டார் ஒருவர் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள, நீங்கள் அந்தப் பூங்காவில் உட்கார்ந்து வருவதும் சிகிச்சையின் பகுதியே. மனச்சுமை மிகுந்தால் 14416 என்னும் டெலி மனஸ் எண்ணிலும், பிற உடல்நல ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணிலும் பேசலாம்.

மீட்ட இடம் மீண்டும் புதராவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் மாதத்தில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போவதால்தான். எனவே நடவு நாளிலேயே, அடுத்த ஓராண்டுக்கு எந்த வாரம் எந்தத் தெருவினர் பொறுப்பு என்பதை எழுதி வாயிலில் ஒட்டிவிடுங்கள். அப்பட்டியலில் உங்கள் வீட்டின் பெயரும் இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு கன்றுக்கு நீர் ஊற்ற முடிந்தவருக்கும் அதில் இடம் உண்டு.